இல்லமும் நலமும்: அயனிப் பொறி வாங்கலாமா?

ஏழு வயது மகனுக்கு அடிக்கடி இழுப்பு வருவதாகவும், வளைகுடா நாட்டில் பணிபுரியும் தம் தம்பி அடுத்த விடுமுறைக்கு வரும்போது "நெகட்டிவ் அயன்" காற்றுச் சுத்திகரிப்புக் கருவி ஒன்றை வாங்கிவர விரும்புவதாகவும் ஒரு சகோதரி நமக்கு எழுதியுள்ளார். "குற்றாலத்து அருவியடியில் நிற்பதுபோன்ற காற்று வீட்டுக்குள்ளேயே கிடைக்குமாம். நாளடைவில் மருந்தே தேவைப்படாது என்கிறார்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திப் பார்க்கலாமா?" என்பது அவருடைய வினா. இத்தகைய பொறிகளைப் பற்றி வேறு சில குடும்பத்தினரும் கேட்டிருப்பதால் இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

கடைசி வினாவுக்கு முதலில் விடை கூறிவிடுகிறோம். நிறுத்தலாகாது. ஆஸ்துமாவுக்கு அன்றாடம் இழுக்கச் சொல்லும் மருந்து மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அடக்கி வைப்பது. குழந்தை நன்றாக ஓடியாடுகின்றது என்பதற்காக அதை விட்டுவிட்டால், சில நாட்களோ சில வாரங்களோ ஒன்றும் தெரியாது. பிறகு ஓர் இரவில் சளியோ புகையோ சேர்ந்துகொள்ளும். அப்போது நெஞ்சு இறுகிவிடும். மருந்தைக் குறைப்பதும் மாற்றுவதும் அதைக் கொடுத்த டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டியவை. எந்தப் பொறியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதில் மாற்றமில்லை.

இனி, அருவிக் கதைக்கு வருவோம். அது முற்றிலும் கட்டுக்கதை அன்று. பிலிப் லெனார்டு என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி (1905-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்) அருவிகளின் அருகே காற்றில் மின்னேற்றம் இருப்பதை ஆராய்ந்து 1892-ல் கட்டுரை வெளியிட்டார். நீர்த்துளி பாறையில் மோதிச் சிதறும்போது மிக நுண்ணிய சிதறல்களும் அவற்றைச் சூழ்ந்த காற்றும் எதிர்மின்னேற்றம் பெறுகின்றன. சாதாரணத் திறந்தவெளியில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சில நூறு முதல் ஓரிரண்டு ஆயிரம் அயனிகள் இருக்குமாயின், பேரருவியின் அடியில் அவை பல ஆயிரங்களாகப் பெருகும். இதெல்லாம் உண்மையே. ஆனால் குற்றாலத்தில் நம் உள்ளம் துள்ளுவதற்கு அயனி எவ்வளவு காரணம், சாரல் எவ்வளவு, அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிவிட்டு வந்தது எவ்வளவு என்று பிரித்துக் கூறுதல் எளிதன்று!

1950-களிலிருந்து அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் க்ரூகர் என்பவர் விலங்குகளையும் கிருமிகளையும் கொண்டு அயனிகளை ஆராய்ந்து வந்தார். 1977-ல் பிரெட் சொய்க்கா என்பவர் எழுதிய நூல் ஒன்று இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. அதன்பின் மேசைமேல் வைக்கும் அயனிப் பொறிகளின் வாணிகம் ஓங்கியது. இன்று கொள்ளை நோய்க் காலத்துக்குப் பின் அது மீண்டும் ஓங்கியிருக்கின்றது.

பொறிக்குள்ளே நடப்பது யாது? ஊசிமுனை போன்ற கம்பிகளோ, கரி இழைகளாலான சிறு தூரிகையோ உள்ளே இருக்கும். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி அம்முனைக்கு அனுப்புவர். முனையிலிருந்து மின்னணுக்கள் காற்றில் பாய்ந்து, பெரும்பாலும் பிராணவாயு மூலக்கூறுகளில் ஒட்டிக்கொள்ளும். அவைதாம் எதிர்மின் அயனிகள். அவை மிதக்கும் தூசியையும் புகைத்துகளையும் தொட்டவுடன் துகளும் மின்னேற்றம் பெறுகின்றது. மின்னேற்றம் பெற்ற துகள் அருகிலுள்ள சுவர், திரைச்சீலை, மேசை, தரை எதிலாவது போய் ஒட்டிக்கொள்கின்றது. காற்றில் தூசி குறைவது இவ்வாறுதான்.

நெய்வேலியிலோ தூத்துக்குடியிலோ அனல்மின் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே புகைபோக்கிக்கு முன்னால் வீடளவு பெரிய மின்தூசிப் பிடிப்பான்கள் உள்ளன. ஃப்ரெடெரிக் காட்ரெல் என்னும் அமெரிக்கர் 1908-ல் காப்புரிமை பெற்ற முறை அது. சாம்பலுக்கு மின்னேற்றம் கொடுத்து, எதிரே நிற்கும் உலோகத் தகடுகளில் ஒட்டவைத்து, தகடுகளைத் தட்டி உதிர்த்து அள்ளிவிடுகின்றனர். மேசைமேல் வைக்கும் மலிவான அயனிப் பொறியிலோ அந்தத் தகடு இல்லை. ஆகவே உங்கள் வீட்டுச் சுவர்தான் தகடு! சில மாதங்களில் பொறிக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரில் புகைபோலக் கருமை படர்வதைக் காணலாம். "பார்த்தீர்களா, எவ்வளவு அழுக்கை எடுத்திருக்கிறது!" என்று விற்பவர் மகிழ்வார். அழுக்கு வீட்டைவிட்டுப் போகவில்லையே! ஒருவர் பெருக்கினால், குழந்தை கட்டிலில் குதித்தால், அதில் ஒரு பகுதி மீண்டும் கிளம்பும். அன்றியும், மின்னேற்றம் பெற்ற துகள் சுவரில் ஒட்டுவதுபோலவே மூச்சுக்குழாயின் உட்புறத்திலும் எளிதாக ஒட்டக்கூடியது.

நம் ஊர் வீடுகளுக்கு உரிய மற்றொரு சங்கடமும் உண்டு. அயனிகளின் ஆயுள் மிகக் குறைவு. உண்டான ஓரிரு நிமிடங்களுக்குள் எதிலாவது மோதி மறைந்துவிடும். தலைக்குமேல் மின்விசிறி சுழல, சன்னல்கள் திறந்திருக்க, மூலையில் ஒரு சிறு அயனிப் பொறியை வைப்பது ஆற்றில் கரைத்த புளியே.

ஓசோனைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். உயர்ந்த மின்னழுத்தம் காற்றில் பாயும் இடத்தில் பிராணவாயுவின் ஒரு பகுதி ஓசோன் ஆகிவிடும். இடி மின்னலுக்குப் பின்னும், பழைய ஜெராக்ஸ் கடைகளிலும் மூக்கைத் துளைக்கும் ஒருவித வாசனை உண்டல்லவா, அதுதான். வானத்தின் உயரத்தில் அது நமக்குக் குடை. மூச்சில் புகுந்தாலோ நஞ்சு. தொண்டை கரகரப்பு, இருமல், நெஞ்சிறுக்கம் ஆகியவற்றை உண்டாக்கும். ஆஸ்துமாக்காரரை முதலில் தாக்கும். அதனால்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்புப் பொறி எதுவும் பத்து லட்சம் பங்கு காற்றில் 0.05 பங்குக்கு மேல் ஓசோன் விடலாகாது என 2007-ல் விதி இயற்றி 2010 முதல் நடைமுறைப்படுத்தியது. இன்னொன்றும் கேளுங்கள். எலுமிச்சை மணமுள்ள தரை கழுவும் திரவம், அறையில் தெளிக்கும் வாசனைப் பொருள் ஆகியவற்றின் ஆவியோடு ஓசோன் கலந்தால் பார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் பிறக்கின்றன. சுத்தம் செய்ய வாங்கிய பொறி, சுத்தம் செய்யத் தெளித்த மருந்தோடு சேர்ந்து புதிய அசுத்தத்தை உண்டாக்குகின்றது என்றால், வீட்டைத் துடைத்து வைத்த இல்லத்தரசிக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும்!

நன்மை ஏதும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளதா எனின், நம் சகோதரியின் மகனுக்கு நேரே பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் தூசிப்பூச்சியால் ஆஸ்துமா வரும் 20 குழந்தைகளின் வீடுகளில், வசிக்கும் அறையிலும் படுக்கையறையிலும் அயனிப் பொறிகளை வைத்தனர். ஆறு வாரம் உண்மைப் பொறி, ஆறு வாரம் அதுபோலவே தோன்றும் வெற்றுப் பொறி. எது எப்போது என்று பெற்றோருக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. 1993-ல் வெளியான முடிவு இது: உண்மைப் பொறி ஓடும்போது காற்றில் தூசிப்பூச்சியின் ஒவ்வாப்பொருள் குறைந்தது மெய், ஆனால் குழந்தைகளின் மூச்சு விடும் திறனிலோ மருந்துத் தேவையிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இரவு இருமல் சற்றுக் கூடுவதுபோலவும் காணப்பட்டது. இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவினரும் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில், நாட்பட்ட ஆஸ்துமாவுக்கு அயனிப் பொறியைப் பரிந்துரைக்கச் சான்றில்லை என்றே முடித்தனர். பத்தாண்டு கழித்து மறுபடி பார்த்தபோதும் அம்முடிவு மாறவில்லை.

பெய்ஜிங் நகரப் பள்ளியொன்றில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு வேறுவிதமானது. அங்கே அயனிப் பொறி வகுப்பறைத் துகள்களைக் குறைத்தது. மாணவரின் மூச்சுத்திறன் சிறிது உயர்ந்தது. ஆனால் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் காட்டும் அளவையில் விரும்பத்தகாத மாற்றம் தென்பட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது போல. நியாயமாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வு பற்றிய ஆய்வுகளில் மட்டும், மிக அதிகச் செறிவுள்ள அயனிகளால் ஓரளவு பயன் தெரிந்ததாக 2013-ல் வெளியான தொகுப்பாய்வு கூறுகின்றது. தூக்கம், பதற்றம், மனநிறைவு ஆகியவற்றில் சீரான பயன் எதனையும் அது காணவில்லை. கடையில் விற்கும் சிறு பெட்டி அந்தச் செறிவைத் தரும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

வாணிகத்தின் பக்கமும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் என்னும் நிறுவனம் விசிறியே இல்லாமல் ஓசையின்றி இயங்கும் "அயானிக் பிரீஸ்" என்ற அழகிய கோபுரப் பொறியை விளம்பரத்தின் வலிமையால் பெருமளவில் விற்றது. அதிலே தகடுகள் உண்டு. ஆனால் காற்றை இழுக்கும் வலிமை இல்லை. நுகர்வோர் சங்கத்தின் "கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்" இதழ் 2002-லும் 2003-லும் அதைச் சோதித்து, தூசியையும் புகையையும் ஏறக்குறைய அகற்றவேயில்லை என எழுதியது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2004-ல் வழக்குத் தள்ளுபடியாகி, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 5,25,000 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. 2005-ல் அதே இதழ் இவ்வகைப் பொறிகள் சிலவற்றின் ஓசோன் பற்றியும் எச்சரித்தது. 2008-ல் நிறுவனமே நொடித்துப் போனது. ஓசையில்லாப் பொறி என்று யாரேனும் புகழ்ந்தால் இதனை நினைத்துக்கொள்க. காற்றைத் தூய்மையாக்க வேண்டுமானால் காற்றை இழுத்தாக வேண்டும். இழுத்தால் சற்றேனும் ஓசை வரும்.

அப்படியானால் என்ன வாங்குவது? முதலில் வாங்காமலே செய்யத்தக்கவை. மூடிய அறையில் எரியும் ஒரு கொசுவர்த்திச் சுருள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகளை வெளியிடுகின்றது என 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இழுப்புள்ள பிள்ளை உறங்கும் அறையில் சுருளைக் கொளுத்திவிட்டு, பக்கத்தில் பல்லாயிரம் ரூபாய்ப் பொறியை ஓடவிடுவது பேதைமை. கொசுவலை போதும். சாம்பிராணியும் ஊதுவத்தியும் துகள் புகைதான். திரு இருதயப் படத்தின்முன் மாலை செபத்தின்போது ஒரு மெழுகுதிரி எரிவதால் குறையொன்றுமில்லை. சாம்பிராணிப் புகையை மட்டும் இப்பிள்ளையின் பொருட்டு விட்டுவிடலாம். புகைபிடிக்கும் பெரியவர் வீட்டுக்குள் பிடிக்கலாகாது என்பதைச் சொல்லித்தான் தீர வேண்டும். தலையணை, மெத்தை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தல், மெத்தையை வெயிலில் காயவைத்தல் என்னும் நம் பாட்டிமார் பழக்கம் தூசிப்பூச்சிக்கு நல்ல பகை. பெருக்குமாற்றுக்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது மேல்.

இவ்வளவுக்கும் பின் பொறி தேவையெனில், "ஹெப்பா" வடிகட்டி உள்ளதை வாங்குக. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பதே உண்மை ஹெப்பா. "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் அது அன்று. அதைவிட முக்கியமாகப் பெட்டியின்மேல் சி.ஏ.டி.ஆர். என்னும் எண்ணைத் தேடுக. ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் தூய காற்றைத் தரும் என்பதே அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 120 சதுர அடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு 80. அதாவது நிமிடத்துக்கு 80 கன அடி, மணிக்குச் சுமார் 136 கன மீட்டர். எட்டடி உயரக் கூரைக்கு இது மணிக்கு ஐந்து முறை அறைக் காற்று முழுவதையும் வடிகட்டும். நம் வீடுகளில் கூரை பத்தடி இருப்பதால் 170 என்று வைத்துக்கொள்க. புகை மிகுந்த நாட்களுக்கு 200-க்கு மேல் இருப்பது நலம். சென்னையில் 2018 போகியன்று விமானங்களே இறங்க முடியாமல் போன அளவுக்குப் புகை மண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளுக்கு இந்தக் கணக்கு உதவும். தில்லியில் குளிர்காலம் முழுவதும் அதே நிலைதான். அங்குப் பிள்ளைகளை வைத்திருப்போர் பெரிய எண்ணையே பார்த்து வாங்க வேண்டும்.

பல ஹெப்பாப் பொறிகளிலேயே அயனி உண்டாக்கும் பகுதியும் சேர்ந்திருக்கும். "அயனைசர்", "பிளாஸ்மா" எனப் பல பெயர்கள். அதைத் தனியே அணைக்கும் பொத்தான் உள்ளதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இருந்தால் அணைத்தே வையுங்கள். வடிகட்டி தன் வேலையைக் குறைவின்றிச் செய்யும். அணைக்க வழியில்லாத பொறியை விட்டுவிடுவதே நன்று. தம்பி ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால், கலிபோர்னியக் காற்றுவள வாரியத்தின் சான்றோ, யூ.எல். 2998 என்ற முத்திரையோ உண்டா என்று பெட்டியில் பார்க்கச் சொல்லுங்கள். பின்னது 0.005 பங்குக்குக் குறைந்த ஓசோனைக் குறிப்பது. "ஓசோனைக் கொண்டே கிருமியைக் கொல்வோம்" என்று பெருமை பேசும் பொறியை வீட்டு வாசலிலேயே நிறுத்துக.

பயன்படுத்தும் முறை எளிது. பிள்ளை உறங்கும் அறையில், சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, காற்று தடையின்றிப் போகுமாறு வைக்க வேண்டும். பொறி ஓடும்போது கதவு சன்னல்களைச் சாத்துக. ஆனால் வெளிக்காற்று நன்றாக இருக்கும் நேரத்தில், காலையோ மாலைக் கடற்காற்று வீசும்போதோ, பொறியை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்துவிடுவது இன்னும் நல்லது. வடிகட்டி துகளைப் பிடிக்குமேயன்றி, அடுப்பு வாயுவின் நச்சையும் மூடிய அறையில் பெருகும் கரியமில வாயுவையும் பிடிக்காது. படுக்குமுன் அரைமணி நேரம் வேகமாக ஓடவிட்டு, பிறகு மெதுவான வேகத்தில் இரவு முழுதும் விடலாம். 40 வாட் பொறி பத்து மணி நேரம் ஓடினால் செலவு 0.4 யூனிட். பெருஞ்செலவு வடிகட்டிக்குத்தான். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மாற்ற வேண்டியிருக்கும். அது நம் ஊரில் கிடைக்குமா, என்ன விலை என்பதைப் பொறியின் விலையோடு சேர்த்தே கேட்டுக்கொள்க. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பொறிக்கு இங்கு வடிகட்டி கிடைக்காமல், நாற்காலிபோல மூலையில் நிற்கும் வீடுகள் பல. ஹெப்பாக் காகிதத்தைத் தண்ணீரில் கழுவக்கூடாது. முன்வலையை மட்டும் கழுவலாம்.

கழுத்தில் மாட்டும் "அயன்" பதக்கம், கைவளை, சட்டைப்பையில் வைக்கும் அட்டை ஆகியவை பற்றியும் இருவர் கேட்டுள்ளனர். மின்கலம் எதுவுமின்றி இவை எவ்வாறு ஓயாமல் அயனி விடுகின்றன? சிலவற்றில் கதிரியக்கத் தாதுப்பொடி கலந்திருப்பதே காரணம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டைப் போன்று தோரியம் உள்ள பொடி அது. நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் இவ்வகைப் பொருள்கள் பத்தினைச் சோதித்து, அவை கதிர்வீச்சு விடுவதால் அணியவேண்டாம் என எச்சரித்தது. குழந்தைக்கான கைவளையும் அவற்றில் ஒன்று. வீட்டில் இருந்தால் பிள்ளையின் உடலிலிருந்து கழற்றி, ஒரு உறையிலிட்டு மூடி, தனியே வைத்துவிடுங்கள். அதை உடைக்கவோ அரைக்கவோ வேண்டா.

ஏற்கெனவே அயனிப் பொறி ஓடும் வீடுகளுக்கு ஒன்று. முனையில் தூசி நூல்போலத் திரண்டால் ஓசோன் கூடுவதோடு "சர்" என்ற ஒலியும் எழும். மின்செருகியைப் பிடுங்கி, சிறிது நேரம் பொறுத்து, உலர்ந்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடையுங்கள். சுவரில் படிந்த கருமையை உலர்ந்த துணியால் தேய்த்தால் அது இன்னும் பரவும். சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாக ஒற்றி எடுப்பதே முறை. அவ்வேலை முடியும்வரை இழுப்புள்ள பிள்ளை அடுத்த அறையில் இருக்கட்டும்.